நாளிதழ் நடத்த அமோரி வழியா, பெவ்-மெரி வழியா?

இருவரும் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சுக்காரர்கள். பாரிஸ் விடுதலையான 1944ஆம் ஆண்டில் இருவர் கைக்கும் ஆளுக்கொரு நாளிதழ் வந்தது. அதற்குப் பிறகு பாதை பிரிந்தது.

எமிலியன் அமோரி விளம்பரத் தொழில் ஆள். பாரிஸின் லில் தெருவில் ஊரறிய அலுவலகம். மறைவில் எதிர்ப்பு இயக்கத்துக்கான அச்சு வேலை. ஆகஸ்ட் 22 அன்று, தெருச்சண்டை ஓயும் முன்பே, அவருடைய 'லெ பாரிசியன் லிபெரே' நாளிதழின் முதல் இதழ் வந்துவிட்டது. போர்க்காலத்தில் பழகிய அந்தச் சாமர்த்தியம்தான் பிறகு அவருடைய முதலீடு என்பேன். 1965இல் 'லெக்கிப்' விளையாட்டு நாளிதழையும் வாங்கினார். அதோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டி முழுசாக அவர் குழுமத்தின் கைக்குள் வந்தது. 1975இல் 'லெ பாரிசியன் லிபெரே'யில் ஆட்குறைப்புக்கு எதிராக அச்சுத் தொழிலாளர்கள் தொடங்கிய போராட்டம் இரண்டு ஆண்டுக்கு மேல் நீண்டது. அது முடியுமுன், 1977 ஜனவரியில், குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். சொத்துக்காகப் பிள்ளைகள் 1983 வரை வழக்காடினார்கள்.

உபேர் பெவ்-மெரி பத்திரிகையாளர்; 'லெ மோந்த்' நாளிதழின் நிறுவனர். 1951இல் அவர் பதவி விலக, ஆசிரியர் குழுவே திரண்டு அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. கூடவே நாளிதழ் நிறுவனத்தில் 28 சதவீதப் பங்கும் பத்திரிகையாளர்களுக்குக் கிடைத்தது. முக்கிய முடிவுகளைத் தடுக்க அது போதும்.

குழுமம் கட்டுவதில் அமோரியை அடிக்க ஆளில்லை. வேலைக்குச் சேரச் சொன்னால் நான் பெவ்-மெரி பக்கம்தான்.