குழிந்த நெஞ்சுக்கு மூன்று வழிகள்: எதற்கு எவ்வளவு ஆதாரம்?

நெஞ்சின் நடுவெலும்பு உள்வாங்கிக் குழிந்திருப்பதை மருத்துவர்கள் பெக்டஸ் எக்ஸ்கவேட்டம் என்பார்கள். 300, 400 குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கலாம், ஆண்களுக்கே அதிகம். பதின்பருவத்தில் உயரம் கூடக்கூடக் குழியும் ஆழமாகும். இதைச் சரிசெய்ய இன்று மூன்று வழிகள் போட்டியில் இருக்கின்றன: ராவிட்ச் அறுவை, நஸ் அறுவை, கத்தியே படாத வாக்குவம் பெல். எது சிறந்தது என்று தேடினால் பதில்கள் வந்து குவியும். அந்தப் பதில்களின் அடியில் என்ன மாதிரியான ஆய்வு இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

முதலில் அளவுகோல். சிடி ஸ்கேனில் குழி மிக ஆழமாகத் தெரியும் இடத்தில் மார்பின் உள் அகலத்தை அளப்பார்கள். அதை, நடுவெலும்பின் பின்பக்கத்துக்கும் முதுகெலும்பின் முன்பக்கத்துக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுப்பார்கள். அகலம் 26 செ.மீ., தூரம் 6.5 செ.மீ. என்றால் விடை 4. இதுதான் ஹாலர் இன்டெக்ஸ். சராசரி நெஞ்சில் இது 2.5 அளவில் இருக்கும், 3.25-ஐத் தாண்டினால் தீவிரம் என்று கொள்வது வழக்கம். ஆனால் மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்த படத்தில் ஓர் எண் வரும், மூச்சை விட்டபின் எடுத்ததில் அதைவிடக் கூடுதலாக வரும். எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு பையன் எந்தப் பக்கம் விழுவான் என்பதை அவன் விட்ட மூச்சும் தீர்மானிக்கலாம். இரண்டு மருத்துவமனைகளின் ஆய்வுகளை அருகருகே வைக்கும்போது இது நினைவிருக்க வேண்டும்.

ராவிட்ச் பழைய வழி. மார்க் ராவிட்ச் 1949-இல் வெளியிட்டது. நெஞ்சின் முன்புறம் கீறி, கோணலாக வளர்ந்த விலாக் குருத்தெலும்புகளை அகற்றி, நடுவெலும்பை வெட்டி நிமிர்த்துவார்கள். பல்லாண்டுகள் இதுவே வழக்கமாக இருந்தது. பிறகு, மிகச் சிறு வயதிலேயே குருத்தெலும்பை அதிகமாக எடுத்துவிட்ட சில குழந்தைகளுக்கு மார்புக்கூடு வளராமல் இறுகிப்போனதை 1996-இல் வந்த ஒரு கட்டுரை விவரித்தது. இரண்டே ஆண்டில் அறுவை மருத்துவர் டொனால்ட் நஸ்ஸின் கட்டுரை வெளிவந்தது. நேரம் அவருக்குச் சாதகமாக அமைந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் நார்ஃபோக்கில் 1987 முதல் அவர் செய்துவந்ததை, 10 ஆண்டு அனுபவத்தோடு 1998-இல் வெளியிட்டார். குருத்தெலும்பை எடுக்கவே வேண்டாம். பல்லுக்குக் கம்பி கட்டி நகர்த்துவதுபோல நெஞ்சையும் நகர்த்தலாம் என்பது அவர் வாதம். இரு விலாப்பக்கமும் சிறு துளை. வில்லாக வளைத்த உலோகக் கம்பியை நடுவெலும்புக்கும் இதயத்துக்கும் இடையே, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி நுழைப்பார்கள். பிறகு அப்படியே புரட்டிவிடுவார்கள். உள்ளே போன நெஞ்சு அந்தக் கணமே மேலெழும். கம்பி சுமார் மூன்று ஆண்டுகள் உள்ளேயே இருக்கும். அதை எடுக்க இன்னோர் அறுவை.

இரண்டையும் ஒப்பிட்டால்? வட அமெரிக்காவில் 11 மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வில் 284 பேருக்கு நஸ், 43 பேருக்கு ராவிட்ச் போன்ற திறந்த அறுவை. யாருக்கு எது என்பது குலுக்கலில் விழவில்லை. மருத்துவரும் குடும்பமும் தேர்ந்தெடுத்தது. அதனால் இரு குழுக்களும் தொடக்கத்திலேயே ஒரே மாதிரி இருந்தன என்று கொள்ள முடியாது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்த 2010-ஆம் ஆண்டு பகுப்பாய்வில் மொத்தச் சிக்கல்களில் பெரிய வித்தியாசம் இல்லை. நஸ்ஸில் நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ சேர்வதும், கம்பி நகர்ந்ததால் மறு அறுவை தேவைப்படுவதும் கூடுதல். கம்பியை எடுக்கும் அறுவை திட்டமிட்டது என்பதால் மறு அறுவைக் கணக்கில் பெரும்பாலும் சேராது. நோயாளியின் கணக்கில் அதுவும் ஒரு மயக்க மருந்து, ஒரு மருத்துவமனை வாசம்தான். 2014-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு இந்த இரண்டையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தேடியது, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஆகவே என் கணிப்பு இது: வளைந்துகொடுக்கும் நெஞ்சுள்ள பதின்பருவத்தினருக்கு நஸ் முன்னால் நிற்கிறது. வயது கூடி, நெஞ்சு இறுகி, குழி ஒருபக்கமாகக் கோணியிருந்தால் ராவிட்சைப் பழசு என்று ஒதுக்குவது அவசரம். செய்பவரின் கைப்பழக்கம் இரண்டிலும் பெரிய விஷயம், எந்த அட்டவணையிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

வாக்குவம் பெல்லை உருவாக்கியவர் எக்கார்ட் க்ளோபே என்ற ஜெர்மானியப் பொறியாளர். அவருக்கே நெஞ்சு குழிந்திருந்தது. கிண்ணத்தை நெஞ்சில் வைத்துக் கைப்பம்பால் காற்றை உறிஞ்சினால் எலும்பு மேலே இழுபடும். தினமும் சில மணி நேரம், மாதக்கணக்கில். தோல் சிவக்கும், கன்றிப்போகும். நஸ் பணியாற்றிய அதே நார்ஃபோக் மருத்துவமனையின் 2018 ஆய்வில், தொடங்கி ஓராண்டு கடந்த 115 பேரில் 23 பேருக்கு மிகச் சிறந்த பலன். 11 வயதுக்குள், 1.5 செ.மீ.-க்கு மேற்படாத குழி, நெகிழ்வான நெஞ்சு, 12 மாதம் விடாமல் பயன்படுத்தியது ஆகியவை வெற்றியோடு சேர்ந்து வந்தன. அதாவது குழி குறைவாக இருந்தவர்களுக்கே அதிகம் பலித்தது. ஆழமான குழியோடு 17 வயதில் வருபவருக்கு இந்த எண்ணைக் காட்டி நம்பிக்கை ஊட்டுவது சரியல்ல.

குலுக்கல் முறை இந்தத் துறையில் எட்டிப் பார்த்தது வலி விஷயத்தில். நஸ்ஸுக்குப் பின் வரும் வலி கடுமையானது. முதுகில் குழாய் வைத்து மருந்து செலுத்தும் எபிடூரலா, விலா நரம்புகளை உறைய வைக்கும் கிரையோவா? 2019-இல் வெளிவந்த கலிஃபோர்னிய ஆய்வில் மொத்தமே 20 பேர். கிரையோ குழு 3 நாளில் வீடு திரும்பியது, மற்றது 5 நாளில். மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு வலிமருந்தும் அந்தக் குழுவுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அறுவை நேரம் நீண்டது, மார்பில் மரத்த உணர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஆனாலும் நூற்றுக்கணக்கானோர் கொண்ட பழைய தொகுப்புகளைவிட இந்த 20 பேர் ஒரு கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னார்கள்.

அறுவையே தேவையா என்ற கேள்வி மிச்சம். பலன் போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை என்று இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் 2019-இல் இதற்கான வழக்கமான நிதியை நிறுத்தியது. அதன்பின் அங்கே திட்டமிடப்பட்ட ரெஸ்டோர் ஆய்வு, தீவிரக் குழிவுள்ள 200 பேரைக் குலுக்கலில் பிரிக்கிறது: ஒரு பாதிக்கு உடனே அறுவை, மறுபாதிக்கு ஓராண்டு கழித்து. ஓராண்டு முடிவில் அன்றாட உடலுழைப்புத் திறனை ஒப்பிடுவார்கள். அதற்குப் பிறகு காத்திருந்தவர்களுக்கும் அறுவை நடந்துவிடும் என்பதால், கம்பியை எடுத்து 10 ஆண்டு கழிந்த நெஞ்சைப் பற்றி இந்த ஒப்பீடு பேசாது.