மர்ஃபி புத்தகமும் உருது பேசும் மாணவர்களும்

ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’ புத்தகத்தைச் சில வருடங்களாக ஆம்பூரில் பாடம் எடுக்கப் பயன்படுத்துகிறேன். படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் உருது பேசுகிறவர்கள். ஷூ கம்பெனிகளில் வெளிநாட்டு ஆர்டர்களுக்கு மெயில் எழுதும் வேலை. காலம், வினைச்சொல் எல்லாம் ஓரளவு சரியாக வந்துவிடும், ‘பை’, ‘ஃபார்’, ‘ஆஃப்’ போன்ற பிரிபொசிஷனில்தான் தடுமாற்றம்.

இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. வேலை முடிந்து களைப்போடு வருகிறவர்களுக்கு இந்த அமைப்பு ரொம்ப வசதி. 121 முதல் 136 வரை பிரிபொசிஷனுக்கென்றே 16 பாடங்கள் உண்டு. ஆனால் உருது பேசுகிறவர்களுக்கு அங்கே தொடங்கக் கூடாது என்பேன்.

காரணம் ‘தக்’. உருதுவில் ‘பந்த்ரா தாரீக் தக்’ என்றால் 15ஆம் தேதிக்குள் என்றும் ஆகும், 15ஆம் தேதி வரை என்றும் ஆகும். அதனால் ‘பை’ வரவேண்டிய இடத்தில் ‘டில்’ விழுந்துவிடுகிறது. ‘வீ வில் ஷிப் டில் ஃபிஃப்டீன்த்’ என்று மெயில் போனால் வாங்குபவருக்குக் குழப்பம்தான்: சரக்கு 15க்குள் கிளம்பிவிடுமா, 15 வரை அனுப்பிக்கொண்டே இருப்பார்களா? இதைத் தீர்க்கும் பாடம் 120ஆவது. அப்புறம் ‘சே’. ‘தோ சால் சே’ (ரெண்டு வருஷமா), ‘2019 சே’ (2019இலிருந்து) இரண்டுக்கும் அதே சொல் என்பதால் ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று எழுதுகிறார்கள். அதற்கான பாடம் எங்கேயோ முன்னால், 12ஆவதாக இருக்கிறது. முதலில் இந்த இரண்டையும் முடித்துவிடுவது நல்லது.

புத்தகம் குறிப்பிட்ட ஒரு தாய்மொழிக்காக எழுதப்பட்டதல்ல. அந்த இணைப்பை நாம்தான் போட வேண்டும். ஆம்பூரில் அதற்குத் தமிழே கைகொடுக்கிறது. கடைத்தெருவில் எல்லோரும் பேசும் மொழியாயிற்றே. ‘15ஆம் தேதிக்குள்’ என்றால் பை, ‘15ஆம் தேதி வரை’ என்றால் டில். ‘ரெண்டு வருஷமா’ என்றால் ஃபார், ‘2019இலிருந்து’ என்றால் சின்ஸ். உருது ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பதைத் தமிழ் பிரித்துக் காட்டிவிடுகிறது. சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

‘மேரிட் வித்’, ‘அஃப்ரெய்ட் ஃப்ரம்’ மாதிரியான தவறுகளுக்குத் தமிழும் உதவாது. உருதுவில் இந்த இடங்களிலும் ‘சே’ வருவதால் விழும் தவறுகள்தான் இவை. இங்கே விதி தேடாமல் ‘மேரிட் டு’, ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ என்று ஜோடியாகவே மனதில் ஏற்ற வேண்டும். அதற்கு 130, 131ஆவது பாடங்களின் பயிற்சிகளைப் பென்சிலால் எழுதி, அழித்து, சில வாரம் கழித்து மறுபடி எழுதச் சொல்கிறேன்.