கேபிள் ஹூக்கா, மோட்டார் கையா, 3டி பிரிண்ட் கையா?

முழங்கைக்குக் கீழே கையை இழந்தவர் கட்டுப்படியாகும் செலவில் செயற்கைக் கை தேடினால் இந்த மூன்றும்தான் கண்ணில் படும். என் தம்பிக்கு நாங்கள் எடுத்தது கேபிள் ஹூக், அதாவது தோள் அசைவில் கேபிள் இழுத்துத் திறக்கும் கொக்கி. இன்றைக்கு யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

3டி பிரிண்ட் கை விலையில் மலிவு. அமெரிக்கர் ஐவன் ஓவனும் தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸும் 2013-இல் தங்கள் வடிவமைப்பை இணையத்தில் இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். வளரும் பிள்ளைகளுக்கு அருமையான ஏற்பாடு, அளவை மாற்றி மாற்றி அச்சடித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வகையில் பலவும் மணிக்கட்டை மடக்கினால்தான் விரலை மூடும். தம்பிக்கு மணிக்கட்டே இல்லை. அப்புறம், இவற்றை அச்சடிக்கப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகிவிடும். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவைக்க முடியாது.

மோட்டார் கை பார்க்க அசல் கை மாதிரியே இருக்கும், தோளில் வாரும் வேண்டாம். தோலில் பதியும் சென்சார் தசையின் மின்துடிப்பைப் படித்து விரலை ஓட்டும். வியர்த்தால் அந்தச் சென்சார் தடுமாறும். எடையும் அரைக் கிலோவை ஒட்டி வரும், அதுவும் கையின் நுனியில்.

அலுமினிய ஹூக் 150 கிராமுக்குள் அடங்கிவிடும். 1912-இல் டோரன்ஸ் என்பவர் கண்டுபிடித்த அமைப்பு, இன்னும் பெரிதாக மாறவில்லை. தோளில் மாட்டிய வாரோடு கேபிள் இணைந்திருக்கும், தோளை முன்னே தள்ளினால் அது இழுத்து ஹூக் திறக்கும். விட்டால் ரப்பர் வளையம் மூடிவிடும். பிடி இறுகவேண்டுமா, இன்னொரு வளையம் போட்டால் சரி.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ரிப்பேர்தான். மோட்டார் கை நின்றுபோனால் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? ஹூக்கில் தேய்வது ரப்பரும் கேபிளும்தான். கேபிள் ஓடும் உறையின் வாயில் அது இழை இழையாகப் பிரியத் தொடங்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். சைக்கிள் பிரேக் கேபிளும் அதே அமைப்புதான் என்பதால், எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுகிறார். ரப்பர் கிடைக்காத நேரத்தில் சைக்கிள் ட்யூபை வளையமாக நறுக்கிப் போட்டும் ஓட்டியிருக்கிறோம்.

வார் அக்குளில் உரசும். உள்ளே பருத்தி பனியன் கட்டாயம். கல்யாண வீடுகளுக்குத் தம்பி ஹூக்கைப் போடுவதில்லை, அழகுக்கான கையைத்தான் மாட்டிக்கொள்கிறான்.

முழங்கைக்கு மேலே இழந்தவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது. முழங்கையைப் பூட்டவும் தனியாக ஒரு கேபிள் வேண்டும், பழகுவதும் கடினம். அவர்கள் ஹூக், மோட்டார் கை இரண்டையும் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது. பழுதானால் யார் பார்ப்பார்கள், எத்தனை நாளாகும் என்று மாட்டிப் பார்க்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.