கொழுந்துக் கணக்குக்கு எந்தத் தளம்? பெரியவற்றையும் சிறியதையும் நிறுத்துப் பார்த்தால்

ஹட்டனிலோ வெலிமடையிலோ ஒரு முதலாளியிடம் போய் "லோ-கோட் தரவுத்தளம்" (நிரல் எழுதாமலே அமைக்கும் கணக்குத் தளம்) என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "மாதக் கடைசியில் கணக்கு முடிக்க எத்தனை நாள் பிடிக்குது?" என்று கேளுங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். சிறிய தளமொன்றை மலையக வியாபாரங்களுக்கு விற்க நினைப்பவர்கள் எயார்டேபிள், மைக்ரோசொஃப்ட் போன்ற பெரிய கம்பனிகளோடு வசதிப் பட்டியலை வைத்து மோதினால் தோற்றுத்தான் போவார்கள். கடைக்காரர் ஒப்பிடுவது உங்களையும் அவர்களையும் இல்லை. மேசையில் கிடக்கும் சீ.ஆர். கணக்குக் கொப்பியோடுதான் உங்களை ஒப்பிடுகிறார்.

எல்லாத் தளங்களையும் ஒரே தராசில் வைக்க, ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். கொத்மலை பக்கம் 60 சிறு தேயிலைத் தோட்டக்காரர்களிடம் கொழுந்து எடுத்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் ஒருவர். மாதம் 25 நாள் லொறி ஓடுகிறது. ஆளுக்கு நாளுக்குக் கணக்கில் ஒரு வரி என்றால் மாதம் 1,500 வரி, வருடம் 18,000. கணக்கில் கை வைப்பவர்கள் மூன்று பேர்: லொறியில் நிறுப்பவர், கடையில் முற்பணமும் உரமும் கொடுப்பவர், முதலாளி.

இணையத்தில் அட்டவணையாகக் கணக்கு வைக்கும் எயார்டேபிள் பார்க்க அழகு, பழக இலகு. இலவசத் திட்டத்தில் ஒரு தரவுத்தளத்துக்கு 1,000 பதிவுகள்தான், அதாவது 1,000 வரிகள். நம் கொழுந்துக்காரருக்கு அது 17ஆம் நாளே நிரம்பிவிடும், முதல் மாதக் கணக்குச் சிட்டைகூடப் போட்டிருக்க மாட்டார். அடுத்த படியான டீம் திட்டம், வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால், ஆளுக்கு மாதம் 20 டொலர். மூவருக்கு வருடம் 720 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 216,000 ரூபா. அதில் கிடைக்கும் 50,000 பதிவுகளும் இரண்டே முக்கால் வருடத்தில் தீரும். பணத்தொகையைவிட டொலர் என்ற சொல்தான் இங்கே பயம். 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. டொலரில் கட்டணம் கட்டியவர்களுக்கு ஒரு வசதியும் கூடாமலே பில் 80 வீதம் ஏறியது. அதை யாரும் மறக்கவில்லை.

ஷீட்டிலிருந்து போன் செயலி உருவாக்கும் ஆப்ஷீட் வேறு மாதிரி. கூகுள் 2020இல் வாங்கியது. ஆளுக்கு மாதம் 5 டொலரிலிருந்து தொடங்குகிறது, தரவு கூகுள் ஷீட்டிலேயே கிடக்கும். அதன் பெரிய பலம் சிக்னல் இல்லாத இடம். மலை மடிப்புக்குள் இறங்கிய லொறியில் நிறுத்ததைப் போனிலேயே பதிந்துகொண்டு, மேலே ஏறி சிக்னல் பிடித்ததும் அனுப்பிவிடும். இந்த ஒரு விஷயத்தில் எயார்டேபிளோ, சொந்தச் சேர்வரில் (இணையத்தோடு இணைந்த கணினியில்) ஓடும், எயார்டேபிள் மாதிரியான பேஸ்ரோவோ பக்கத்தில் வர முடியாது. சிக்னலே இல்லாத பாதையில் நிறுப்பவர் வந்தால் ஆப்ஷீட்டைக் காட்டி அனுப்பிவிடுங்கள். பொய் சொல்லி விற்றால் மழைக்காலத்தில் ஒரு வாரக் கணக்கு தொலையும், உங்கள் பெயரும் சேர்ந்து தொலையும்.

ஆனால் ஆப்ஷீட்டை அமைப்பதில் ஒரு பொறி உண்டு. ஷீட்டின் வரி எண்ணையே பதிவை அடையாளம் காணும் சாவியாக வைத்துவிட்டால், யாராவது பெயர் வாரியாக ஷீட்டை அடுக்கிய அன்றைக்கு ஒருவருடைய கொழுந்து இன்னொருவர் பேரில் போய் உட்காரும். ஒவ்வொரு நிறுவைக்கும் தானாக உருவாகும் தனி அடையாளம் கொடுத்தே ஆகவேண்டும். ஒரே வரியை இரண்டு போனில் திருத்தவும் விடக்கூடாது. ஒவ்வொரு நிறுவையும் புது வரியாக விழட்டும்.

மைக்ரோசொஃப்டின் செயலி உருவாக்கும் தளமான பவர் ஆப்ஸ் பிரீமியமும் ஆளுக்கு மாதம் 20 டொலர், அதனால் எயார்டேபிளுக்குச் சொன்ன செலவும் டொலர் பயமும் அதற்கும். அவர்களுடைய பழைய தரவுத்தள மென்பொருளான அக்சஸை மட்டும் அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள். இணையமே வேண்டாம், 2 ஜீபி வரை கொள்ளும், ஒரு கொம்பியூட்டரில் ஒருவர் மட்டும் எழுதும் கடைக்கு இன்றைக்கும் போதும். இரண்டு கொம்பியூட்டர்கள் வைஃபை வழியாக ஒரே கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு பழுதாகலாம். சோஹோ கிரியேட்டரும் இப்படியொரு தளம், தமிழ்நாட்டுக் கம்பனியின் படைப்பு, 2006இலிருந்து இருக்கிறது. 18 வீத வற் பில் போட வேண்டிய, ஏற்கனவே சோஹோ புக்ஸ் கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் நிறுவனங்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இனி, நீங்கள் விற்கப் போவது. பேஸ்ரோ போன்ற திறந்த மூல (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளை உங்கள் சேர்வரில் ஏற்றிக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பதிவுக்கு எல்லை இல்லை, ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டணமும் இல்லை. 4 ஜீபி நினைவகமுள்ள ஒரு வாடகைச் சேர்வரில் இந்த அளவுள்ள பல கடைகள் ஓடும். ஆகவே கடைக்கு ஒரு விலை, ரூபாவில், வருடத்துக்கு மாறாமல் சொல்ல முடியும். பெரிய கம்பனிகள் சொல்ல முடியாத விலை இதுதான், விளம்பரத்தின் முதல் வரியும் இதுவாகவே இருக்கட்டும். "இலவச மென்பொருள்" என்று மட்டும் எழுதாதீர்கள். சேர்வர் வாடகை டொலரில்தான் போகும், அந்த ஏற்ற இறக்கத்தை நீங்கள் சுமக்கிறீர்கள். ஒவ்வொரு இரவும் தரவின் முழுப் பிரதியை வேறோர் இடத்துக்கு அனுப்புவதும் உங்கள் வேலை. மாதம் ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து தரவை மீட்டு, திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

காட்டப் போகும்போது வெறும் அட்டவணையோடு போகாதீர்கள். போன மாதக் கொப்பியைக் கேட்டு வாங்கி, பத்துப் பேருடைய கணக்கை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போங்கள். நான்கு அட்டவணை போதும்: தோட்டக்காரர், கொழுந்து வரவு, முற்பணமும் உரமும், மாத விலை. உதாரணத்துக்கு ஒருவர் மாதத்தில் 412 கிலோ கொடுத்தார், தண்ணீருக்கும் சாக்குக்கும் 20 கிலோ கழிவு, மிச்சம் 392. கிலோ 180 ரூபா என்றால் 70,560. முற்பணம் 15,000, உரம் 9,500 கழித்தால் கையில் 46,060. இந்தச் சிட்டை தமிழில் போனில் வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தவரிடம் வேறு விளக்கம் தேவைப்படாது.

அந்த நான்காவது அட்டவணைதான் அனுபவமில்லாதவர்கள் தவறவிடுவது. கொழுந்து விலை மாதம் முடிந்த பிறகே தெரியும்; ஏல விற்பனைச் சராசரியில் தோட்டக்காரருக்கு 68, தொழிற்சாலைக்கு 32 என்ற பங்கில் அது வருகிறது. விலையைத் தோட்டக்காரர் அட்டவணையில் ஒரு கட்டமாக வைத்துவிட்டால், புது மாத விலையை மாற்றிய கையோடு பழைய மாதச் சிட்டைகள் எல்லாமே மாறிப்போகும். பணம் கொடுத்து முடித்த கணக்கு பொய்யாகிவிடும். மாதத்துக்கு ஒரு வரியாக விலை தனியே இருக்கட்டும்.

பழைய எக்செல் கோப்பை ஏற்றும்போதும் கவனம். தமிழ்ப் பெயர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தால் புதிய தளத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். முதலில் எல்லாக் கருவியும் படிக்கும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். போன் இலக்கத்தின் முன்னால் உள்ள 0 விழுந்துவிடும், 12 இலக்க அடையாள அட்டை எண் 1.98E+11 போன்ற அடுக்குக் குறியீடாகச் சுருங்கும். இரண்டையும் எழுத்து வகைக் கட்டமாக வையுங்கள். ஒரே ஆள் பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்துமாக, புதிய அட்டையில் 12 இலக்கமாக இரண்டு தடவை பதிந்திருப்பார். பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0 இட்டு, பிறகு முன்னால் 19 சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய எண் வரும். இரட்டைப் பதிவை அப்படிப் பிடிக்கலாம்.

வேண்டாம் என்று தோன்றினால் முழுக் கணக்கையும் ஒரே கோப்பாக எடுத்துப் போகலாம் என்பதை வாயால் சொல்வதோடு நிற்காமல், அவர் கையாலேயே அந்தப் பொத்தானை அழுத்த வையுங்கள். கொப்பியை நிறுத்தச் சொல்லவும் அவசரப்படாதீர்கள், இரண்டு மாதம் இரண்டும் ஓடட்டும். முதல் சிட்டை போடும் நாளில் பக்கத்தில் போய் உட்காருங்கள். தொகை இடித்தால் முதலில் முற்பணத்தைப் பாருங்கள்; கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய 2,000, 3,000 அநேகமாக ஏறாமல் விட்டுப்போயிருக்கும்.