பெட்டியில் 88 வோல்ட், சார்ஜரில் 21 வோல்ட்: பேட்டரி மெஷின் காம்போ வாங்குவோர் கவனத்துக்கு

போனைத் திறந்தாலே வரும் அந்த விளம்பர வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மினி செயின் சா (மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம்), டிரில், புல் வெட்டும் மெஷின் மூன்றும் ஒரே பேட்டரியில் ஓடும். 88 வோல்ட், 15,000 எம்ஏஎச் (பேட்டரி கொள்ளளவு), 750 வாட். இரண்டாவது பேட்டரி இலவசம். பார்சல் வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். விலை 4,499 ரூபாய். அதை வாங்கியதில் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். பணம் இன்னும் திரும்பி வரவில்லை. அடுத்தவர் பணமாவது தப்பட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு காங்கேயம் பக்கம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வேம்பு, முருங்கை, நாலைந்து தென்னை. கிளுவையை வருஷா வருஷம் வெட்டிவிடாவிட்டால் தடத்தை அடைத்துக்கொள்ளும். வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெட்ரோல் மெஷினைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்து, அந்த எடையைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரம் நடக்க என் தோள்பட்டை ஒத்துழைக்காது. என்னைப் போன்றவர்களுக்குப் பேட்டரி மெஷின் உண்மையிலேயே வரப்பிரசாதம். அந்தத் தேவையை வைத்துத்தான் இவர்கள் பணம் பறிக்கிறார்கள்.

பணம் வாங்காமல் பெட்டியைப் பிரிக்க கூரியர் தம்பி விடவில்லை. பிரித்தால், பெட்டி முழுக்கப் பெரிய எழுத்தில் 88. இறக்குமதி செய்தவர் யார், முகவரி என்ன, எம்ஆர்பி எவ்வளவு, புகாருக்கு எந்த எண் என்பதெல்லாம் எங்குமே இல்லை. இவை அனைத்தையும் பெட்டியில் அச்சிட்டே ஆக வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன.

விரல் தடிமன் கிளுவைக் குச்சிகளை மெஷின் வெண்ணெயாய் அறுத்தது. வீடியோவில் காட்டுவதும் இதைத்தான். மணிக்கட்டுத் தடிமன் வேப்பங்கிளையில் வைத்ததும் சங்கிலி பாதியில் மாட்டி நின்றுவிட்டது. உருவி எடுத்து மறுபடி வைத்தால் மறுபடி நின்றது. பேட்டரியைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. பிளாஸ்டிக் கருகும் வாசம் வேறு. இலவசமாக வந்த இரண்டாவது பேட்டரியும் இதே கதைதான். டிரில்லை வைத்து கான்கிரீட் சுவரில் ஒரு ஆணிக்குக்கூட ஓட்டை போட முடியவில்லை.

விற்றவர்களுக்கு மெசேஜ் அனுப்பினேன். பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்றார்கள். இருந்தது, அனுப்பினேன். சொந்தச் செலவில் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். பேட்டரி என்றதும் இங்கே கூரியரில் எடுக்க மறுத்துவிட்டார்கள். 88 வோல்ட் என்று போட்டிருக்கிறீர்களே என்று கேட்டபோது வந்த பதில்: “மேடம், அது 88விஎஃப். மாடல் பேரு. வோல்ட்டுன்னு நாங்க எங்கயும் சொல்லலை.” விளம்பரத்தில் ஆள் வாயாலேயே 88 வோல்ட் என்று சொல்கிறார். அதைச் சுட்டிக்காட்டிய பிறகு பதிலே இல்லை.

எங்கள் ஊரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. “அக்கா, சார்ஜரைத் திருப்பிப் பாருங்க. அதுல பொய் போட மாட்டானுங்க” என்றார். சார்ஜரின் பின்பக்கம் பொடி எழுத்தில், அவுட்புட் 21 வோல்ட்.

இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு லித்தியம் அயான் செல் சாதாரணமாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. டார்ச் லைட்டில் பேட்டரிக் கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவது போல, ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். முழு சார்ஜில் 21. சார்ஜர் 21 வோல்ட் கொடுக்கிறது என்றால் உள்ளே ஐந்து செல் வரிசைதான். நிஜமான 88 வோல்ட் வேண்டுமானால், முழு சார்ஜிலேயே கணக்குப் போட்டாலும் 21 செல் வரிசையாக வேண்டும். இந்த வகை செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம். ஆக, செல் மட்டுமே ஒரு கிலோவை நெருங்கும். என் பேட்டரியை சமையல் தராசில் வைத்தேன்: 380 கிராம்.

தம்பி ஸ்குரூவைக் கழற்றிக் காட்டினார். பத்து செல் உட்காரும் கூடு. ஐந்து இடத்தில் நீல உறை போட்ட, பெயர் ஊர் இல்லாத செல்கள். மீதி ஐந்து இடம் வெறுமனே கிடந்தது. மீட்டரில் 20.4 வோல்ட். இதில் கோபத்தைவிட எனக்குப் பயம் தந்தது இன்னொன்று. ஒவ்வொரு செல்லின் வோல்ட் அளவையும் கண்காணிக்க நடுச் செல்களில் இருந்து சர்க்யூட் பலகைக்கு மெல்லிய ஒயர்கள் போக வேண்டுமாம். இதில் இரண்டு முனையில் மட்டும்தான் ஒயர். ஒரு செல் பலவீனமானால் மற்ற செல்கள் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்க அது போதும். இந்த வகை பேட்டரி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், தயவுசெய்து ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். குழந்தைகள் படுக்கும் அறையில் வைக்கவே வேண்டாம்.

15,000 எம்ஏஎச் என்பதும் அப்படியே. 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள இந்தச் செல்லில், நல்ல கம்பெனி தயாரிப்பிலேயே 3,500 எம்ஏஎச் வாக்கில்தான் கொள்ளும். வரிசையாக இணைத்தால் வோல்ட் கூடும், எம்ஏஎச் கூடாது. என்னுடையது தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 1,500, அதாவது 1.5 ஆம்பியர் ஹவர். 18 வோல்ட்டை 1.5 ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் 27 வாட் ஹவர். பேட்டரியில் இருக்கும் மொத்தச் சக்தி இவ்வளவுதான். மோட்டார் நிஜமாகவே 750 வாட் என்றால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் வோல்ட், எம்ஏஎச் என்று தனித்தனியாகக் கேட்டு மயங்க வேண்டாம். இரண்டையும் பெருக்கிய வாட் ஹவரைப் பாருங்கள். நல்ல கம்பெனிகள் பேட்டரி மேலேயே அச்சிட்டிருப்பார்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் என்றால் 72. செடி கத்தரிக்க, வீட்டுக்குள் டிரில் போட 18 வோல்ட்டே தாராளம். 18-ஐவிட 20 உசத்தி என்று கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம். டிவால்ட் கம்பெனி அமெரிக்காவில் 20 மேக்ஸ் என்று விற்கும் மெஷின் வரிசைதான் ஐரோப்பாவில் 18 என்று வருகிறது. அதே ஐந்து செல். 20 என்பது சார்ஜ் ஏற்றியதும் ஏறக்குறைய இருக்கும் அளவு.

என்னைக் கேட்டால், மெஷினைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள். பாஷ், மக்கிட்டா, டிவால்ட் எதுவானாலும் ஒரு கம்பெனியின் ஒரே பேட்டரி பொருந்தும் மெஷின்களாகவே வாங்குங்கள். பேட்டரி, சார்ஜர் இல்லாமல் மெஷின் மட்டும் தனியாகக் கிடைக்கும். அடுத்தடுத்த மெஷின் மலிவாக முடியும். மூன்று வருஷம் கழித்து அதே பேட்டரி கிடைக்குமா, பக்கத்து டவுனில் சர்வீஸ் சென்டர் உண்டா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். “மக்கிட்டா பேட்டரி இதில் பொருந்தும்” என்று விற்கும் பெயர் தெரியாத மெஷின்களும் உண்டு. வாய் பொருந்தும், அளவுக்கு மீறிக் கரண்டை இழுத்தால் நிறுத்தும் பாதுகாப்பு உள்ளே இருக்காது. செயின் சா வாங்கினால் ஆயில் விடும் அமைப்பும், கை மேல் தெறிக்காத அளவு உறுதியான மூடியும் இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். என்னுடையதில் ஆயில் வழியே கிடையாது, மூடி தகரம் மாதிரி ஆடியது. பேட்டரியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று வந்துவிடும். என் பேட்டரியில் அந்த எண்ணே இல்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். தமிழிலேயே பேசலாம். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, ஆன்லைனில் விற்பவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். ஆனால் விற்றவரின் உண்மையான பெயரும் முகவரியும் இல்லாததால் என் புகார் நிற்கிறது. பார்சல் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், மெசேஜ்கள் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. திருப்பூரில் போடுவதாக இருக்கிறேன். ஆணையத்தில் இதுபோல வழக்கு நடத்திய அனுபவம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள்.

எனக்கு விற்றவர்களின் இணையப் பக்கம் இப்போது காணோம். அதே வீடியோ வேறு பெயரில், 128 வோல்ட் என்று ஓடுகிறது. ஆர்டர் போட்டுவிட்டு பார்சலுக்குக் காத்திருக்கிறீர்கள் என்றால், கூரியர்காரர் வரும்போது வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். பணம் கொடுக்கும் வரை அந்த வழி திறந்தேதான் இருக்கிறது.