வருகை வாயிலிலிருந்து காரிமங்கலம் வரை

கனடாவில் எங்களோடு ஆறு மாதம் தங்கியிருந்த அம்மாவை ஊரில் கொண்டுபோய் விடுவதற்காக இந்தப் பொங்கலை ஒட்டி தருமபுரி மாவட்டத்துக்கு வந்திருந்தேன். எங்கள் வீடு காரிமங்கலத்துக்கு அருகே இருக்கிறது. பெங்களூர் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து அது ஏறத்தாழ 150 கிலோமீட்டர். விமான நிலையங்களின் கணக்கில் வந்திறங்கும் பயணியின் பயணம் வருகை வாயிலோடு முடிந்துவிடுகிறது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கோ அங்கேதான் அதன் கடினமான பாதி தொடங்குகிறது. இந்த இடைவெளியை யாரும் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை என்பதே இம்முறை எனக்கு உறைத்த செய்தி.

பெங்களூருக்கு முன்பு இந்தியாவின் வேறொரு பெருநகரத்தில் இறங்கி விமானம் மாறவேண்டியிருந்தது. வெளிநாட்டில் பெட்டிகளை ஒப்படைத்தபோது அவற்றில் ஒட்டிய சீட்டில் பெங்களூர் என்றே அச்சிட்டுக் கொடுத்தார்கள்; கவுண்ட்டரில் இருந்தவரும் பெட்டி நேரே போய்விடும் என்றார். இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானத்துக்கு மாறுபவர், இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடிநுழைவுச் சோதனையை முடித்து, பெட்டியைப் பெல்ட்டிலிருந்து தாமே எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடியும் ஒப்படைக்கவேண்டும் என்பதே பொதுவான நடைமுறை. சீட்டில் எந்த ஊர் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. இதை விமானம் தரையிறங்கும் முன் ஒரே ஒரு முறை, புரியும் மொழியில் அறிவித்திருந்தால், எங்களோடு வந்த அரூர்க்காரத் தம்பி ஒருவர் பெட்டியை எடுக்காமலே மாற்றுப் பயணக் கவுண்ட்டர் வரை போய்த் திரும்பி ஓடிவந்திருக்கமாட்டார்.

குடிநுழைவில் எனக்கு நேரமே ஆகவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவர்களுக்குமான விரைவுக் குடிநுழைவுத் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னை, பெங்களூர் உள்ளிட்ட வேறு ஏழு நிலையங்களுக்கும் வந்தது. முன்பே இணையத்தில் விண்ணப்பித்துக் கைரேகை கொடுத்திருந்ததால் தானியங்கிக் கதவு எனக்குச் சில நொடிகளில் திறந்துகொண்டது. அந்தப் பெருமிதம் பெல்ட் அருகே வந்ததும் கரைந்துவிட்டது. முதல் பெட்டி 10 நிமிடத்திலும் கடைசிப் பெட்டி 30 நிமிடத்திலும் பெல்ட்டுக்கு வந்துவிடவேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. எங்கள் முதல் பெட்டி வர 50 நிமிடம் ஆயிற்று. நடுவில் பெல்ட் எண்ணையும் மாற்றினார்கள். அந்த அறிவிப்பு தமிழர் யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரு வரிசையை விரைவாக்கிவிட்டு அடுத்ததை அப்படியே விட்டுவைத்தால், பயணி நிற்கும் இடம் மாறுமே தவிர, நிற்கும் நேரம் குறையாது.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். இதில் மூன்று வகை உண்டு என்பது பதிவு செய்யும் பலருக்குத் தெரிவதில்லை: நெடுந்தூரம் நடக்க இயலாமல் படி மட்டும் ஏறக்கூடியவர், படியும் ஏற இயலாதவர், இருக்கை வரையிலும் பிறர் துணையால் மட்டுமே போகக்கூடியவர். நான் யோசிக்காமல் முதல் வகையைக் குறித்துவிட்டேன். விமானத்தை முனையத்தோடு இணைக்காமல் திடலில் நிறுத்திவிட்டதால், மூட்டுவலியுள்ள எழுபத்துநான்கு வயதுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிறங்க வேண்டியதாயிற்று. பிழை என்னுடையதுதான், ஆனால் பதிவுப் பக்கத்தில் இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் விளக்கியிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது. நாற்காலியைத் தள்ளிவந்த இளைஞர்கள் மூவரும் கனிவாகவே நடந்துகொண்டார்கள். குறை, மூவராக இருந்ததுதான். ஒவ்வொருவரும் தம் எல்லை வந்ததும் அம்மாவை ஓரமாக நிறுத்திவிட்டு அடுத்தவர் வருவார் என்று சொல்லிப் போய்விட்டார்கள். 2024 பிப்ரவரியில் மும்பையில் இறங்கிய எண்பது வயது முதியவர் ஒருவர், நாற்காலி போதாததால் நடந்துபோய் மயங்கி விழுந்து இறந்ததும், அதற்காக விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதும் அந்த ஓரத்தில் நின்றபோது நினைவுக்கு வந்தன.

இவ்வளவுக்கும் பிறகு பெங்களூர் விமானம் எங்களை விட்டுப் போய்விட்டது. எல்லாம் ஒரே பயணச்சீட்டில் இருந்ததால் அடுத்த விமானத்தில் கட்டணமில்லாமல் இடம் கொடுத்தார்கள். பணம் மிச்சமாகிறதென்று இரண்டு சீட்டாக வாங்குகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இருக்காது என்பதை ஊரிலுள்ள பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். ஆனால் தாமதத்தை வீட்டுக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. இலவச வைஃபைக்குக் கைப்பேசி எண்ணைக் கேட்டார்கள். என் கனடா எண்ணுக்கு ஓடிபி வரவேயில்லை. வெளிநாட்டிலிருந்து இறங்குபவர் கையில் இந்திய எண் இருக்காது என்பது இப்படியொரு ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு எப்படித் தோன்றாமல் போயிற்றோ! கடைசியில் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் தம் கைப்பேசியைக் கொடுத்தார். அதற்குள் மாமாவும் அத்தையும் காரை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டிவிட்டிருந்தார்கள்.

பெங்களூரின் இரண்டாம் முனையத்தைப் பற்றிச் சொல்ல நல்ல செய்திகளே அதிகம். 2022 நவம்பரில் திறக்கப்பட்டு, 2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு விமானங்களையும் ஏற்றுக்கொண்டுள்ள அந்தக் கட்டடத்தின் மூங்கில் கூரையையும் தொங்கும் தோட்டங்களையும் அம்மா நாற்காலியில் சாய்ந்தபடியே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. மாமா, நகரத்துக்குள் நுழைந்தால் ஹெப்பாள், சில்க் போர்டு சந்திப்புகளின் நெரிசலில் மாட்டிக்கொள்வோம் என்று, ஹொசகோட்டை, மாலூர் வழியாகச் சுற்றி ஓசூருக்கு வந்துசேர்ந்தார். சூளகிரிப் பக்கம் பனிமூட்டம் அடர்ந்திருந்தது. இரவெல்லாம் விழித்திருந்த அறுபது வயதுக்காரர் அந்தச் சாலையில் ஓட்டியதை எண்ணினால் எனக்கு இப்போதும் அச்சமாகவே இருக்கிறது.

அவர் வந்திருக்கவே வேண்டியதில்லை என்ற நிலை ஏற்படவேண்டும். விமான நிலையத்திலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு மாநகரப் பேருந்து உண்டு; அங்கே இறங்கி, சாந்திநகரிலிருந்து வரும் நம் ஊர்ப் பேருந்துக்குக் கைகாட்டி ஏறிவிடலாம். இளைஞருக்கு இது போதும். நான்கு பெட்டியும் முதியவரும் உள்ள குடும்பத்துக்கு நள்ளிரவில் நெடுஞ்சாலையோரம் பேருந்து மாறுவது ஆகாத காரியம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கிவிட்டது. சில்க் போர்டிலிருந்து விமான நிலையத்துக்கான நீல வழித்தடமும் முடிந்துவிட்டால், ஒரே ஒரு மாற்றத்தில் அத்திப்பள்ளி மாநில எல்லைக்கு அருகே வந்துவிடலாம். அதுவரை, விமானங்கள் குவிகிற நள்ளிரவு நேரத்தை ஒட்டி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று பலகையிட்ட பேருந்துகள் முனைய வாசலிலிருந்தே புறப்பட வேண்டும். கிருஷ்ணகிரி நகருக்கு ரயிலே கிடையாது என்பதால் இந்தக் கோரிக்கைக்கு அழுத்தம் கூடுகிறது.

ஊரில் யாரிடம் இதைப் பேசினாலும் ஓசூர் விமான நிலையம் வந்துவிடும் என்கிறார்கள். 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் வகையில் அது அமையும் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது உண்மைதான். ஆனால் பெங்களூர் நிலையத்துக்கு 150 கிலோமீட்டர் தொலைவுக்குள், மைசூர், ஹாசன் தவிர, 2033 வரை புதிய நிலையம் கூடாது என்ற ஒப்பந்த விதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் நிலையம் தருமபுரிக்காரர்களுக்குப் பக்கம். 2023 அக்டோபரில் அங்கே விமானங்கள் மீண்டும் வரத் தொடங்கின. அடுத்த முறை அதன் வழியாக வரமுடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நான்கு பெட்டியில் ஒன்று பெங்களூருக்கு வந்துசேரவில்லை. வாயிலைவிட்டு வெளியேறும் முன்பே எழுத்துமூலம் புகார் பதிந்து எண் வாங்கிவிட்டேன். வெளிநாட்டுப் பயணத்தில், பெட்டி தாமதமாகக் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும், சேதமாகியிருந்தால் 7 நாளுக்குள்ளும் புகார் எழுதித் தரவேண்டும் என்பது மாண்ட்ரியல் உடன்படிக்கையின் விதி. வீட்டு முகவரியையும் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஐந்தாம் நாள் காலை, பெட்டியோடு ஓசூர் வரை வந்துவிட்டதாகவும் அதற்கு மேல் வர தமக்கு அனுமதியில்லை என்றும் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். கெஞ்சிக் கேட்டதில் கிருஷ்ணகிரி வரை வந்தார். கனடாவின் குளிருக்காக அம்மாவுக்கு வாங்கிய கம்பளிக் கோட்டுகள் அடங்கிய அந்தப் பெட்டியை வெயிலில் நின்று கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர் கையிலிருந்த தாளில் பெட்டி சேரவேண்டிய இடம் பெங்களூர் என்றுதான் அச்சாகியிருந்தது.