படுத்துச் சுடுகிறவருக்கு ஓட்டை எதில் தெரியும்?

ஏப்ரல் மாதம், காலை பத்தரை மணி. ஏற்காடு அடிவாரத்தில் நாங்கள் சுடும் இடம். பாயில் குப்புறப் படுத்து, இடது கையில் வாரை இறுக்கி, .22 ரைஃபிளில் ஐந்து சுட்டேன். அப்புறம் ரைஃபிள் மேலிருக்கும் ஸ்கோப்பில், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியில், ஓட்டைகளைத் தேடினேன். 24 மடங்கு காட்டும் ஸ்கோப். 50 மீட்டர் தள்ளி இருந்த கறுப்பு வட்டம் தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி நெளிந்தது. ஓட்டை ஒன்றையும் காணோம்.

பக்கத்துப் பாயில் ஒரு கல்லூரிப் பையன். "நாலு உள்ளே இருக்குங்கண்ணா, ஒண்ணு எட்டு மணிப் பக்கம் போயிருச்சு" என்றான். கடிகார முள் எட்டில் நிற்கும் திசை, அதாவது இடது கீழ்ப் பக்கம். அவனிடம் இருந்தது ஒரு பழைய ஸ்பாட்டிங் ஸ்கோப், துப்பாக்கியில் மாட்டாமல் பக்கத்தில் தனியாக நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி. என் ஸ்கோப் விலையில் பாதிகூடப் பெறாது.

வயிற்றெரிச்சலில் ஆரம்பித்த ஆராய்ச்சி இது. ரைஃபிள் மேலிருக்கும் ஸ்கோப்பிலேயே பார்ப்பதா, பக்கத்தில் தனியாக ஒன்றை நிறுத்துவதா, கண்ணாடியை விட்டுவிட்டுத் தாளை மாற்றுவதா?

முதலில் ஒரு கணக்கு. .22 குண்டின் விட்டம் சுமார் 5.6 மில்லிமீட்டர். அலுவலகத்துப் பஞ்சிங் மெஷின் போடும் ஓட்டையும் ஏறக்குறைய அதே அளவுதான். 10 மடங்கு ஸ்கோப்பில் 50 மீட்டர் என்பது வெறும் கண்ணுக்கு 5 மீட்டர். ஆகவே இதை வீட்டு ஹாலிலேயே சோதிக்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு பஞ்ச் போட்டு, பின்னால் கறுப்புத் தாள் வைத்துச் சுவரில் ஒட்டுங்கள். 5 மீட்டரிலிருந்து பளிச்சென்று தெரியும். இப்போது முன்தாளையும் கறுப்பாக மாற்றிப் பாருங்கள். நான் சுவரருகே போய் விரலால் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. குறை மடங்கில் இல்லை. கறுப்பில் கறுப்பைத் தேடுகிறோம்.

சரி, ரைஃபிள் ஸ்கோப். அதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு: கண்ணை எடுக்க வேண்டாம். .22 குண்டு 50 மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்குதான் ஆகும், உதையும் கொஞ்சம்தான். உடம்பு துப்பாக்கிக்கு நேர் பின்னால் படுத்திருந்து, விசையை அழுத்திய பிறகும் அசையாமல் இருந்தால், படம் லேசாகத் துள்ளிவிட்டு அதே இடத்துக்கு வந்து நிற்கும். வெள்ளைப் பகுதியில் குண்டு பட்டால் ஓட்டை விழுவதையே பார்க்கலாம். படம் ஒரு பக்கமாக எகிறிப் போனால் படுத்திருப்பதில் கோணல் இருக்கிறது என்று பொருள். அதற்குத் தனியாக ஒரு கோச் வேண்டாம்.

தொல்லை, மடங்கை ஏற்றும்போது வருகிறது. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 50 மில்லிமீட்டர் கண்ணாடியை 24-இல் வைத்தால் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். கன்னம் ஒரு நூல் நகர்ந்தாலும் ஓரத்தில் கறுப்புப் பிறை விழும். படுக்கும்போது தலை முன்னால் போகும் என்பதால், நின்று சுடும்போது சரியாக இருந்த ஸ்கோப் புருவத்துக்கு மிக அருகில் வந்துவிடும். கழுத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் படுத்திருப்பது? ஸ்கோப்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளி மாட்டினேன், பாதி வலி போயிற்று.

அதோடு எங்கள் ஊர்க் கானல். வெள்ளைக்கல் விளையும் மண். சித்திரை வெயிலில் தரை கண்ணைக் கூசும். படுத்துச் சுடுகிறவனின் பார்வை தரையை ஒட்டியே போகிறது. சூடான காற்று ஒளியை வளைக்கிறது, நாம் ஏற்றும் ஒவ்வொரு மடங்கும் அந்த வளைவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. 24-லிருந்து 14-க்கு இறக்கியதும் நெளிவு அடங்கியது. காசு கொடுத்து வாங்கிய மிச்சப் பத்து மடங்கு இனி கார்த்திகை, மார்கழிக் காலைகளுக்குத்தான்.

ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் கானலுக்கு விதிவிலக்கில்லை. அந்தப் பையன் 20-இல் வைத்திருந்தான், ஒவ்வொரு குண்டு போனதும் எட்டிப் பார்த்தான். புதிதாக விழுந்த ஒன்றைத் தேடுவது, ஐந்தை மொத்தமாகத் தேடுவதைவிட எளிது. ஃபோகஸைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் தெரியும். காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

ஆனால் அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வலது கைக்காரர் இடது கண்ணருகே கொண்டுவர வேண்டும். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதிந்தபடியே இருக்க, கண் மட்டும் மாற வேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்தால், திரும்பப் படுக்கும்போது முன்பிருந்த இடம் கிடைக்காது. பார்க்கும் பக்கம் சாய்வாக இருக்கும் மாடலை வளையத்தில் திருப்பிக் கண் பக்கம் கொண்டுவரலாம், நேர்க்குழாய் மாடலில் அது முடியாது. சாதாரண கேமரா ட்ரைபாட் அவ்வளவு தாழ்வாக இறங்காது. நான் பட்டறையில் ஒரு கனத்த தகடும் கம்பியும் பற்றவைத்து வாங்கினேன். சேலத்தில் இரும்புக்கா பஞ்சம்!

போட்டிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. சர்வதேச விதிப்படி 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் துப்பாக்கியின் மேல் ஸ்கோப் மாட்டக் கூடாது, சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட்தான். தனியாக நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்குத் தடையில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜாய்தீப் கர்மாகர் நான்காவதாக வந்த ப்ரோன் (படுத்தே சுடும்) தனிப்போட்டி, 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. ஆனாலும் 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய மூன்று நிலைப் போட்டியில் படுத்துச் சுடும் கட்டம் இருக்கிறது. அங்கே எலக்ட்ரானிக் டார்கெட், பக்கத்திலேயே திரை. நமக்கு அட்டையும் ஆணியும்.

அந்த அட்டைக்கு வருவோம். அதிகாரபூர்வத் தாளில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 112.4 மில்லிமீட்டர், நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையம் 10.4. நல்ல குண்டெல்லாம் கறுப்புக்குள்தான் விழும், அதாவது நன்றாகச் சுடச் சுட ஒன்றும் தெரியாது! பயிற்சிக்கு நான் வெள்ளை அட்டையில் தடித்த கறுப்பு வளையம் மட்டும் வரைந்து, நடுவை வெள்ளையாகவே விட்டுவிடுகிறேன். ஈயக்குண்டு ஓட்டையைச் சுற்றி ஒரு சாம்பல் கறை விடும். 14 மடங்கில் அதுவே போதும். மெல்லிய தாள் வேண்டாம், கிழிந்து மூடிக்கொள்ளும். குண்டு பட்ட இடத்தில் கறுப்புப் பூச்சு உதிர்ந்து மஞ்சள் பச்சை தெரியும் ஸ்டிக்கர்களும் உண்டு. அழகாகத்தான் இருக்கும், ஆனால் பூச்சு ஓட்டையைவிட அகலமாக உதிரும்; இரண்டு குண்டு ஒட்டி விழுந்தால் எது எது என்று பிரிக்க முடியாது. ஸ்கோப்பைச் சரிசெய்யும் முதல் சில குண்டுகளுக்கு மட்டும் ஒட்டுகிறேன்.

அட்டை அருகே வைஃபை கேமரா வைத்துப் போனில் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒருநாள் முயன்றேன். போனைப் பார்க்கத் தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும், அப்புறம் எதற்கு?

என்னிடம் புதிதாக யாராவது கேட்டால் முதலில் அட்டையை மாற்றச் சொல்வேன். அதிலும் தெரியவில்லையென்றால் ஸ்பாட்டிங் ஸ்கோப். பெரிய மடங்கு ரைஃபிள் ஸ்கோப் கடைசி. நான் வாங்கியது நேர் தலைகீழ் வரிசையில்.

ஐப்பசியில் சேர்வராயன் மலையிலிருந்து மூடுபனி அடிவாரம் வரை இறங்கி வரும் காலைகளில் மூன்றுமே படுத்துவிடும். பனி விலகும்வரை சுடுவதும் கிடையாது. வெளுத்தபின் முதல் ஐந்தைச் சுட்டு, எல்லோரும் துப்பாக்கியை இறக்கியதும் ஐம்பது மீட்டர் நடந்துபோய் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறோம். ஸ்பாட்டிங் ஸ்கோப் வைத்திருக்கும் பையனும் கூடவே வருகிறான்.